தெரியாதவருக்காக ஒரு பக்கம்

வெப்சைட் வேண்டும் என்று வருகிறவர்களில் பலரை நான் வேண்டாம் என்று சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறேன். சென்னை எம்.கே.பி. நகரில் வீட்டு முன்னறையையே ஆபீஸாக வைத்துக்கொண்டு பிழைக்கிறவளுக்கு இது கட்டுப்படியாகுமா என்று அம்மா கேட்பதுண்டு. கட்டுப்படியாகிறது. தேவையில்லாதவருக்குத் தளம் செய்து கொடுத்தால், அடுத்த வருஷம் ஹோஸ்டிங் பணம் கேட்கும்போது "அதால இன்னா பிரயோஜனம்?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினவரோ நாலு பேரிடம் என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்களைத் தெரியாத ஆள் உங்களிடம் பணம் கொடுக்க வருவாரா?

எங்கள் பக்கம் பெரும்பாலான கடைகள் தெரிந்த முகங்களை வைத்து ஓடுகின்றன. மாவு அரைக்கிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், தெருமுனை டெய்லர், சாயங்காலம் தள்ளுவண்டியில் சுண்டல் விற்கிறவர், இவர்கள் யாருக்கும் வெப்சைட் வேண்டாம். ஒரு வாட்ஸப் எண்ணும், கூகுள் மேப்பில் சரியான இடத்தில் ஒரு புள்ளியும், திறக்கிற நேரம் அடைக்கிற நேரமும் போதும். அதற்குக் காசும் இல்லை. அந்தப் புள்ளியைச் சரியாக வைப்பதே ஒரு வேலை என்பது வேறு விஷயம். ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவே மேப் பாதிக் கடைகளைப் பின்தெருவில் காட்டும். கடை வாசலில் நின்றுகொண்டு, போனில் மேப்பைப் பெரிதாக்கி, புள்ளியை இழுத்துக் கதவுமேல் வைக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை அது.

தெரியாத ஆள் வருகிற தொழில் வேறு. துறைமுகத்தை நம்பி இந்தப் பக்கம் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. கிளியரிங் ஏஜென்ட், டிரெய்லர் வைத்திருப்பவர், கப்பலுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர், லேத் பட்டறைக்காரர், கன்டெய்னருக்குள் சரக்கைக் கட்டுகிற பெல்ட் விற்பவர். இவர்களைத் தேடுகிறவர் கோயம்புத்தூரிலோ லூதியானாவிலோ உட்கார்ந்திருப்பார். இவர்களை அவர் நேரில் பார்க்கப்போவதே இல்லை. அவருக்கு ஒரு பக்கம் வேண்டும்.

எர்ணாவூர் பக்கம் பலகைப் பெட்டி அடிக்கிற ஒரு பெரியவர் வந்தார். ஏற்றுமதி மிஷின்களுக்கு மரப்பெட்டி, மரப் பேலட் செய்கிறார். மகன் ரீல்ஸ் போடச் சொல்லி நச்சரிக்கிறான் என்று வந்தவர், உட்கார்ந்ததும் சொன்னார்: "பாப்பா, பெட்டி அடிக்கறத பாத்து நாலு பேர் லைக் போட்டா எனக்கு இன்னா ஆவப் போவுது? வெளியூர்க்காரன் மெயில் அனுப்பி ஆயிரத்தெட்டு கேள்வி கேக்குறான். அதுக்கு ஒரு வழி பண்ணு."

அந்த மெயில்களைத்தான் நான் முதலில் வாங்கிப் படித்தேன். வெளிநாடு போகிற மரப்பெட்டிக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்று ஒரு சர்வதேச விதி உண்டு. மரத்தில் பூச்சி இருந்தால் பெட்டியோடு சேர்ந்து அதுவும் கப்பலேறிவிடும் என்பதற்காக வந்த விதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரிக்குச் சூடாகி, அந்தச் சூட்டில் 30 நிமிடம் இருக்க வேண்டும். அப்படிச் செய்த பெட்டியில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னம், நாட்டின் குறியீடு, செய்தவரின் உரிம எண், சூடுபடுத்தியதற்கான 'எச்.டி.' என்ற எழுத்து எல்லாம் முத்திரையாக இருக்கும். முத்திரை இல்லாவிட்டால் போய்ச் சேருகிற துறைமுகத்தில் சரக்கு நிற்கும். பெட்டியைக் கொளுத்தலாம், சரக்கையே திருப்பி அனுப்பலாம். அனுப்புகிறவருக்கு அதுதான் வயிற்றில் புளி.

ஆகவே அந்தத் தளத்தில் கைகுலுக்கும் கோட்டு சூட்டுக்காரர்கள் கிடையாது. உலக உருண்டை சுற்றாது. மேலே பெரிதாக ஒரே ஒரு படம், முத்திரை குத்தின பலகை. எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி, காலை வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் பட்டறை வாசலில் எடுத்தது. கீழே உரிமச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. எண், மில்லிமீட்டரில் அளவுகள், எவ்வளவு எடை தாங்கும், ஒரு நாளில் எத்தனை பெட்டி முடியும். கடைசியாக ஒரு வரி: 40 அடி டிரெய்லர் பட்டறை வாசல் வரை வந்து திரும்பலாம். அந்த வரி அவருக்கே தோன்றவில்லை. மெயில்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி அது. முழுத் தளமும் ஒரே பக்கம், முழுக்க ஆங்கிலம். படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது என்கிறபோது நம் பற்றை அங்கே காட்டி என்ன ஆகப்போகிறது?

இதிலிருந்து ஒரு பழக்கம் எனக்கு நிலைத்துவிட்டது. எந்த வேலை வந்தாலும் கலர், லோகோ பேச்சை ஒதுக்கிவிட்டு, கடையில் போன் எடுக்கிறவரைப் பார்ப்பேன். முதலாளியை அல்ல. முதலாளி "எங்கள் நோக்கம், எங்கள் லட்சியம்" என்று ஆரம்பிப்பார். கவுன்டரில் இருக்கிற பெண்ணுக்குத்தான் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று தெரியும். அவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் வருகிற கேள்விகளை அப்படியே எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதிகம் வந்த ஐந்து கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் ஹோம் பேஜ்.

ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கு அப்படித்தான் செய்தேன். நோட்டில் வந்தவை: "வெறும் வயித்துல வரணுமா?", "தண்ணி குடிக்கலாமா?", "ஞாயித்துக்கிழமை உண்டா?", "வூட்டுக்கு வந்து எடுப்பீங்களா?", "ரிசல்ட்டு வாட்ஸப்ல வருமா?" பெரிய பெரிய பரிசோதனைப் பெயர்களைப் பட்டியலாக அடுக்கின பழைய பக்கத்தை எடுத்துவிட்டு, இந்த ஐந்தையும் இதே வரிசையில் வைத்தோம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்பது முதல் வரி. மழைக்காலத்தில் ஆறாவதாக ஒரு கேள்வி வந்து சேர்ந்தது: "கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்குதா?" புளியந்தோப்புப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சுரங்கப்பாதைதான் வழியாக இருந்தது. நல்ல மழை பெய்தால் அது குளம். அதன் பிறகு மழை நாளில் அந்த லேபின் பக்கத்தில் மஞ்சள் பட்டையாக ஒரு வரி வந்தது: சப்வேயில் தண்ணீர், பேசின் பிரிட்ஜ் பக்கமாகச் சுற்றி வரவும். அதை மாற்றுவது நானில்லை. கவுன்டர் பெண்ணே போனிலிருந்து மாற்றிவிடுவார். அவர் மாற்றக்கூடிய அளவுக்கு அதை எளிதாக வைப்பதுதான் என் வேலை.

அந்த லேப் தளம் தமிழில் இருக்கிறது. தமிழில் தளம் செய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் டிசைன் சொல்லித்தருகிற வீடியோக்கள் எல்லாமே ஆங்கில எழுத்தை மனசில் வைத்துச் சொல்லப்படுகின்றன.

1990-களின் கடைசியில் தமிழ்த் தளம் படிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பார்கள் என் சீனியர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் ஒரு பொது ஒழுங்கு வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அத்தோடு தொல்லை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. இன்றும் கடைக்காரர் "மேட்டர் ரெடியா இருக்கும்மா" என்று டி.டி.பி. சென்டரிலிருந்து வாங்கி வருகிற பைல் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அதை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எண்கள், ஸ்ரீ, ரூபாய்க் குறி இவை இருக்கிற இடங்களில்தான் சொதப்பும். பி.டி.எப்.-இலிருந்து காப்பி செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சின்ன மேட்டர் என்றால் திரும்ப டைப் அடிப்பதே வேகம்.

இன்னொரு வழக்கம் பிளக்ஸ் பேனரையே படமாகத் தளத்தில் ஏற்றிவிடுவது. விலைப்பட்டியல், நேரம், போன் நம்பர் எல்லாம் அந்தப் படத்துக்குள். போன் நம்பரை அழுத்தினால் கால் போகாது. சின்னத் திரையில் எழுத்து எறும்பு அளவுக்குத் தெரியும். திரையிலுள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்துப் போன் பயன்படுத்துகிற பார்வையற்றவருக்கு அந்தப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பேனர் தெருவுக்கு, தளத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்.

எழுத்துரு விஷயத்தில் இப்போது குறையே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான் எல்லாம் இலவசம். நான் நீளமான பத்திக்கு முக்த மலரும், தலைப்புக்குக் கட்டமரானும் எடுப்பேன். அளவு 17, 18-க்குக் கீழே போகாது. வரிக்கு வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூடுதலாக, 1.7 வரை. மேலே விசிறியும் கீழே சுழியுமாக நம் எழுத்துகள் இரண்டு பக்கமும் இடம் கேட்கும். எழுத்துருவில் பருமன் வகை இல்லாமல் பருமனாக்கினால் பிரவுசரே எழுத்தைத் தடிக்க வைக்கும். 'ணை', 'இ' மாதிரி எழுத்துகளின் சுழி அடைபட்டுப் போகும். சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். நம் எழுத்துக்கு அப்படியொரு மரபு கிடையாது. பிரவுசர் அதைப் பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். இரண்டு ஓரமும் சமமாக வருகிற மாதிரி அடுக்குவதும் வேண்டாம். நம் சொற்கள் நீளம், போன் திரை குறுகல். வரிக்கு இரண்டு சொல், நடுவே பெரிய ஓட்டை என்று ஆகிவிடும்.

பட்டனில் என்ன எழுதுவது என்பதில் எனக்கும் வாடிக்கையாளருக்கும் எப்போதும் சண்டை. "முன்பதிவு செய்துகொள்ள இங்கே அழுத்தவும்" என்று எழுதித் தருவார்கள். மூன்று வரியாக மடங்கி பட்டன் பெட்டி மாதிரி நிற்கும். 'டோக்கன் போட' என்றால் முடிந்தது. 'தொடர்புகொள்ள' என்பதைவிட 'கூப்பிடுங்க' அதிகம் அழுத்தப்படுகிறது என்பது என் அனுபவம். மரியாதைக் குறைவு என்று ஒரு ஸ்கூல் கரஸ்பாண்டென்ட் மறுத்துவிட்டார். அங்கே 'பேச' என்று வைத்தோம். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

முடித்த தளத்தை நான் லேப்டாப்பில் காட்டி ஒப்படைப்பதில்லை. மத்தியானம் பஸ் டிப்போ பக்கம் போய், வெயிலில் நின்று, திரை கீறல் விழுந்த ஒரு விலை குறைந்த போனில் திறந்து பார்ப்பேன். வெளிர்ச் சாம்பல் எழுத்து, வெள்ளைப் பின்னணி என்கிற 'கிளாஸ்' டிசைன்கள் எல்லாம் அங்கே காணாமல் போய்விடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்று இணைய அணுகல் விதிகள் சொல்கின்றன. அதைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கருவிகள் உண்டு. டிப்போ வெயில் அதைவிடக் கறாரான கருவி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். போனில் எடுக்கிற ஒரு படமே நாலைந்து எம்.பி. வரும். அகலத்தை 1200 பிக்ஸலுக்குக் குறைத்து, வெப்.பி. வடிவத்துக்கு மாற்றினால் அது 200 கே.பி.க்குள் வந்துவிடும். தளம் மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றின் காரணம் இந்தப் படங்கள்தான்.

சோஷியல் மீடியாவுக்கு வருவோம். நான் அதற்கு எதிரி இல்லை. இன்ஸ்டாகிராமை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்கள், ஆரி வேலை செய்கிற பெண்கள் என் தோழிகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் வெப்சைட் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேறு சில விஷயங்கள் சொன்னேன்.

ஒன்று, தொழிலுக்குத் தனி சிம். வாட்ஸப் பிசினஸ் 2018-இலேயே வந்துவிட்டது. சொந்த நம்பரைப் பொதுவில் போட்டுவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு "ஹாய்" என்று வருகிற மெசேஜ்களோடு மல்லாடுவானேன்? கடை மூடிய நேரத்துக்குத் தானியங்கிப் பதில் ஒன்றை அதிலேயே வைக்கலாம். அடுத்தது, வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் கூகுள் பக்கத்தில் கதவு எண்ணைக் காட்ட வேண்டியதில்லை. முகவரியை மறைத்து, எந்தெந்த ஏரியாவுக்கு டெலிவரி என்பதை மட்டும் காட்டும் வசதி அதில் இருக்கிறது. பிறந்தநாள் கேக் படம் போடும்போது கேக்கில் குழந்தை பெயர், பக்கத்தில் யூனிபார்மோடு குழந்தை, யூனிபார்மில் ஸ்கூல் பேட்ஜ் என்று எல்லாமே சேர்ந்து வந்துவிடும். அந்த அம்மா சம்மதித்தாலும் நான் பேட்ஜை மறைக்கச் சொல்வேன்.

முக்கியமானது வாடிக்கையாளர் பட்டியல். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. எங்கள் பக்கத்துக் கானா பாடுகிற பையன்கள், டான்ஸ் ஆடுகிற பையன்கள் பலருக்கு அதுதான் மேடை. லட்சம் பாலோயர் வைத்திருந்தவனுக்கும் மறுநாள் ஒருவர் நம்பரும் கையில் இல்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. ஆனால் எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. 2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிவாக்கில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் மூன்றும் ஒன்றாகப் படுத்து ஆறு மணி நேரம் போல எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை டெலிவரிக்கு ஆர்டர் எடுத்திருந்தவர்களுக்கு யார் வீட்டுக்கு எத்தனை கிலோ என்பதே அந்த வாட்ஸப்புக்குள்தான் இருந்தது. பெயர், நம்பர், என்ன வாங்கினார், எப்போது என்று ஒரு நோட்டிலோ எக்ஸெல்லிலோ எழுதி வையுங்கள். வாட்ஸப் பிராட்காஸ்ட்டில் இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும். "அனுப்பிச்சேன், யாரும் பதில் போடலை" என்பவர்களுக்கு இதுதான் காரணம். பார்சலோடு ஒரு சீட்டு வைத்து, நம்பரைச் சேமிக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு வேறொரு மயக்கம், வீடியோ போடுகிறவரைக் காசு கொடுத்துக் கூட்டி வருவது. வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் வழியாக அத்தோவும் மொயிங்காவும் எங்களுக்குத் தெருச் சாப்பாடாகிவிட்டன. அப்படி ஒரு அத்தோ கடைக்காரர் வீடியோ வந்த வாரம் கூட்டம் சமாளிக்க முடியாமல் திணறினார். வழக்கமாக வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் புதுக்கூட்டமும் இல்லை. காசு கொடுத்த வீடியோ என்றால் விளம்பரம் என்று அதிலேயே தெரியப்படுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதைச் சொன்னால் "அப்படிப் போட்டா எவன் நம்புவான்?" என்கிறார்கள். நம்பவைப்பதற்குத்தானே சொல்லாமல் விடுகிறீர்கள்!

எதை எங்கே போடுவது என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. நாளைக்குச் செத்துப்போகிற செய்தி ஸ்டேட்டஸுக்கு. இன்றைக்கு மீன் குழம்பு, நாளை கடை லீவு, பத்து சேலைதான் மிச்சம். அடுத்த வருஷமும் ஒருவர் தேடுவார் என்றால் அது தளத்துக்கு.

இந்தக் கணக்கு வியாபாரத்துக்கு மட்டுமில்லை என்பதை எண்ணூரில் பார்த்தேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை, சதுப்பு நிலச் செடி, பறவைகளின் சிறகு எல்லாம் கறுப்பு. முதலில் அதை ஊருக்குக் காட்டியது மீனவக் குப்பங்களின் போன்கள்தான். இரண்டு நாள் என் வாட்ஸப் முழுக்க அந்தப் படங்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. சோஷியல் மீடியாவால் மட்டுமே முடிகிற வேலை அந்த வேகம்.

ஆனால் சில மாதம் கழித்து எண்ணூரிலிருக்கும் தோழி ஒருத்தி, எந்தப் படம் எந்தக் குப்பத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்று ஒழுங்குபடுத்த உதவி கேட்டு என்னிடம் ஒரு போல்டரை அனுப்பினாள். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றிலும் தேதி இல்லை, இடம் இல்லை. போன் கேமரா படத்துக்குள் தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் மறைவாக எழுதி வைக்கும். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தைச் சுருக்குவதோடு அந்த விவரங்களையும் அது களைந்துவிடும். பத்துப் பேர் கைமாறி வந்த படத்தை வைத்துக்கொண்டு யார் எடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் மூலப் படம் அப்படியே போகும். வெள்ளம், விபத்து, குப்பைக்கிடங்கு தீ, எதைப் படமெடுத்தாலும் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த போனிலிருந்து மூலப் படத்தை அழிக்காதீர்கள். தேதி, இடம், எடுத்தவர் சம்மதித்தால் பெயர், இரண்டு வரி விவரம் என்று ஒரே ஒரு சாதாரணப் பக்கத்தில் ஏற்றி வையுங்கள். டிசைனே வேண்டாம். அடுத்த வருஷம் ஒரு வக்கீலோ கல்லூரி மாணவியோ தேடி வரும்போது அந்தப் பக்கம் அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருக்க வேண்டும் என்பதே சுலபமில்லை. கூகுள் பிசினஸ் பக்கத்தோடு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அதை வைத்தே விசிட்டிங் கார்டு அடித்திருந்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அவற்றை மூடியது. ஜூன் 10 வரை பழைய முகவரி பிசினஸ் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, அதன் பிறகு அதுவும் இல்லை. இன்றும் சில கடைகளின் கார்டில் இருக்கும் கியூ.ஆர். ஸ்கேன் செய்தால் எங்கும் போவதில்லை. சொந்த டொமைன் என்றால் வருஷம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். அதைக் கார்டில் போட்டு வைத்தால், பின்னால் தளத்தை எங்கே மாற்றினாலும் கார்டு செல்லும்.

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். தளம் செய்கிற ஆள் "நான் பாத்துக்கறேன் சார்" என்று தன் பெயரில் வாங்கிவிட்டுப் பிறகு போன் எடுக்காமல் போன கதைகளோடு என்னிடம் வருகிறவர்கள் அநேகம். டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, கூகுள் பிசினஸ் கணக்கு, இன்ஸ்டாகிராம் கணக்கு, இவற்றின் மெயிலும் பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். தளம் செய்கிறவரை மேனேஜராகச் சேர்த்தால் போதும், உரிமையாளராக வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக முகவரி. இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. கடை வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் இருக்கும். தளத்தில் 'பெரம்பூர்' என்று போடச் சொல்வார்கள். வியாசர்பாடி என்றால் சினிமாவில் பார்த்த கத்தியும் கானாவும்தான் வெளியூர்க்காரருக்கு ஞாபகம் வரும், பெண் கொடுக்கவே யோசிப்பான், சரக்கு கொடுப்பானா என்பது அவர்கள் கவலை. கவலை பொய்யில்லை. ஆனால் தொழில் செய்கிறவன், படிக்கவைக்கிறவன், வைத்தியம் பார்க்கிறவன் எல்லாரும் பெரம்பூர் என்று எழுதிக்கொண்டால் வியாசர்பாடி என்று தேடுகிறவருக்குக் கிடைப்பது என்ன? போலீஸ் ஸ்டேஷன் செய்தி மட்டும். முல்லை நகர் மைதானத்தில் எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிறார்கள். அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. இவை தேடலில் மேலே வர வேண்டுமென்றால் யாராவது ஊர்ப் பெயரோடு எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதை நியாயமாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, தொழில்நுட்பமாகச் சொன்னால் கேட்கிறார்கள். பெரம்பூர் என்று எழுதி 600039 என்று பின்கோடு போட்டால், பெரம்பூரின் பின்கோடு 600011 என்பதால் இரண்டும் முட்டிக்கொள்ளும். தளத்தில் ஒரு முகவரி, மேப்பில் ஒரு முகவரி, ஜி.எஸ்.டி.யில் ஒரு முகவரி என்றிருந்தால் கூகுளுக்கும் குழப்பம், கூரியர் பையனுக்கும் குழப்பம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி இரண்டையும் எழுதுங்கள். மகாகவி பாரதி நகர் என்ற முழுப் பெயரையும் ஓரிடத்தில் போடுங்கள். அப்படித் தேடுகிற பெரியவர்களும் உண்டு.

ஒரு டியூஷன் மாஸ்டர் இதற்கெல்லாம் மசியவில்லை. "பெரம்பூர்னு தேடறவன் என்னைக் கண்டுபிடிக்கணும்மா, அவ்ளோதான்" என்றார். முகவரியில் வியாசர்பாடி, சென்னை 600039 என்றே வைத்துவிட்டு, மேப்புக்குக் கீழே 'பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து வர' என்று வழி எழுதினேன். பெரம்பூரும் பக்கத்தில் வந்துவிட்டது, பொய்யும் இல்லை. போன வாரம் போன் செய்தார். கொடுங்கையூரிலிருந்து நாலு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம், அங்கிருந்து வரவும் ஒரு வழி எழுதிவிடச் சொன்னார்.